குங்குமம் துடைத்தவர்

எங்கள் பக்கத்தில் யார் இறந்தாலும் அழுது முடித்த கையோடு என் கடைக்குத்தான் வருவார்கள். கீழ்வேளூர் கடைத்தெருவில் பிளக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே மெஷினிலிருந்துதான் வெளியே வரும். வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். டிசைன் போடுவது, வெட்டுவது, வாடிக்கைக்காரர்களோடு மல்லுக்கட்டுவது எல்லாம் நான்தான். வருகிறவர்கள் யாரும் எதையும் குறைக்கச் சொன்னதில்லை. இன்னும் ரெண்டு புறா விடுங்க, கீழே கொஞ்சம் பூ போடுங்க, மச்சான் போட்டோ விட்டுப்போச்சு பாருங்க என்பார்கள். கடைசியில் செத்தவர் ஒரு மூலையில் இருப்பார். சுற்றிலும் உயிரோடிருப்பவர்கள் கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

எடுக்கச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

நான் வாழ்க்கைப்பட்ட ஊர்க்காரர். எனக்கு மாமா முறை. ஊரில் மிலிட்டரிக்காரர் என்றுதான் சொல்வார்கள். பெயர் சொல்லி நான் கூப்பிட்டதில்லை, இங்கே எழுதவும் கை வரவில்லை. எழுதினாலும் பக்கத்தில் நின்று அதை எடுத்துடும்மா என்பார். அவர் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. நல்ல மனுஷனா, கல்நெஞ்சக்காரனா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் ஒன்று தோன்றும், மறுநாள் இன்னொன்று தோன்றும்.

அவருடைய ஒரே பையனும் பட்டாளத்தில் சேர்ந்தான். வடக்கே எங்கோ மலைப்பாதையில் சாமான் ஏற்றிப்போன வண்டி பள்ளத்தில் உருண்டதில் இறந்துபோனான். ஊரில் அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. முதல் வருஷ நினைவு நாளுக்கு பேனர் வேண்டும் என்று மாமா கடைக்கு வந்தார். அவரைக் கேட்டு நோகடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே நானே டிசைன் போட்டு வைத்திருந்தேன். பின்னால் பனிமலை, பக்கத்தில் ஒரு டாங்கி, மேலே மூவர்ணக் கொடி, கீழே அணையா விளக்கு, நாலு பக்கமும் புறா. நடுவில் யூனிஃபார்மில் பையன். என் வேலையில் எனக்கே கொஞ்சம் பெருமைதான்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“அந்த டாங்கியை எடுத்துடும்மா. அவன் டாங்கியில இல்ல” என்றார். எடுத்தேன். மலையை எடுக்கச் சொன்னார், எடுத்தேன். புறா எதுக்கு என்றார். அதுவும் போயிற்று. வீர மரணம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“வண்டி கவுந்து செத்தான்மா” என்றார். அவ்வளவுதான்.

கொடியும் விளக்கும் போனபிறகு வெள்ளையில் பையன் மட்டும் நின்றான். அவனையும் எடுக்கச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போட்டோ இல்லாமல் எப்படி மாமா என்றேன். அதைப் பார்த்தால் அவள் அங்கேயே நின்றுவிடுவாள், வெயிலில் நிற்பாள் என்றார். அவள் என்றது அவர் மனைவியை, எனக்கு அத்தை முறை. கடைசியில் பேரும் ஊரும் மட்டும் இருந்தன. நான் அடித்ததிலேயே மை குறைவாகச் செலவான பேனர் அதுதான்.

மத்தியானம் அத்தை வந்தது. மாமா எங்கே போயிருக்கிறார் என்று கேட்டு, உரக்கடையில் இருக்கிறார் என்று தெரிந்தபிறகுதான் உள்ளே வந்து உட்கார்ந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அவரு என்னென்ன எடுக்கச் சொன்னாரோ அதையெல்லாம் போட்டு எனக்கு ஒண்ணு அடிச்சுக் குடு” என்றது. அடித்துக் கொடுத்தேன். டாங்கி, மலை, புறா, வீர மரணம், அதோடு அத்தை கேட்டதற்காக ஒரு வேலும். ரெண்டு பேனரும் ஊர் முகப்பில் பக்கத்தில் பக்கத்தில் கட்டப்பட்டன. ரெண்டு பேரும் பார்த்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை. ஊரில் வேறு வேறு பையன்களுக்கு வைத்தது என்று பஸ்ஸில் போனவர்கள் நினைத்திருப்பார்கள்.

எடுப்பது அவர் கூடப் பிறந்தது. புது ஃபிரிட்ஜ் வாங்கினால் கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தபிறகுதான் கரண்ட் கொடுப்பார். எங்கள் பக்கத்தில் சித்தப்பா பையன் பட்டாளத்தில் இருந்தாலே போதும், போலீஸ் மறிக்காது என்று வண்டியில் ‘ஆர்மி’ என்று ஒட்டிக்கொள்வார்கள். இவர் வண்டியில் மகன் ஆசையாக ஒட்டிவிட்டுப் போனதை, அவன் ரயில் ஏறுவதற்குள் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டார். வயலில் களை பறிக்கும் பெண்கள் கரையேறிப் போனபிறகு தானும் ஒரு தடவை இறங்குவார். வாய்க்காலில் தன் வயல் எல்லை வரைக்கும் ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போடுவார். மேட்டூர்த் தண்ணீர் அவர் வயலண்டை வந்தால்தான் மூச்சு விடுகிறது என்று பக்கத்து வயல்காரர்கள் கேலி பேசுவார்கள்.

ஆகஸ்ட் பதினைந்துக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற அவரைத்தான் கூப்பிடுவார்கள். வருவார், கொடியேற்றுவார். நிமிர்ந்து நின்று அவர் அடிக்கும் சல்யூட்டைப் பார்க்கச் சின்னப் பிள்ளைகள் முண்டியடிக்கும். ஆனால் பொன்னாடை போர்த்தினால் போர்த்தியவர் கை விலகுவதற்குள் அதை மடித்து நாற்காலியில் வைத்துவிடுவார். ஒரு வருஷம்கூட போட்டோவில் அது விழவில்லை. தலைமையாசிரியை என்னிடம் வந்து, “நீங்களே கம்ப்யூட்டர்ல ஒரு பொன்னாடை போர்த்திவிட்டுடுங்க” என்று கேட்டுக்கொண்டார். போர்த்தினேன். ஊராட்சி மன்றத்தில் இன்னும் அந்தப் படம் மாட்டியிருக்கிறது. சிவப்புச் சால்வை, கொஞ்சம் கோணலாக.

கொடிநாளுக்குச் சட்டையில் குத்தும் காகிதக் கொடியையும் வாசல் தாண்டியதும் கழற்றிவிடுவார். ஆனால் எறிய மாட்டார். சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். எறிய மனமில்லாத மனுஷன் ஏன் குத்திக்கொண்டு நடக்கக் கூடாது? இதைத்தான் சொல்கிறேன், எனக்குப் புரியவில்லை என்று.

புரியாததில் ரொம்பக் கசப்பானது ஒன்று உண்டு. பையன் காரியம் முடிந்து அத்தையைப் பட்டுக்கோட்டையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினார்கள், மனசு மாறட்டும் என்று. திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் பையனுடையது என்று ஒன்றும் இல்லை. சட்டை, பேண்ட், பைக், இரும்புப் பெட்டி, கிரிக்கெட் மட்டை எல்லாவற்றையும் மாமா யார் யாருக்கோ கொடுத்துவிட்டார். அத்தை பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. நான் போய்த்தான் எழுப்பினேன். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வாசலில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். ஏன் மாமா இப்படிச் செஞ்சீங்க என்று கேட்டேன். துணி சும்மா கிடந்தா பூச்சி அரிச்சிடும்மா என்றார்.

அதனால்தான் ஊர் இளைஞர்கள் பையனுக்கு நினைவுக்கல் வைக்கிறோம் என்று வந்தபோது மாமா வேண்டாம் என்று சொல்லியும் அத்தை விடவில்லை. எனக்கு அவன்னு சொல்லிக்க ஏதாவது ஒண்ணு இருக்கட்டும் என்றது. பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் சிமெண்ட் மேடை கட்டி, மார்பளவு உயரத்துக்குக் கறுப்புக் கல் ஒன்றை நட்டார்கள். அதிலும் பேரும் ஊரும் மட்டும். அதற்காக மாமா இளைஞர்களோடு ஒரு நாள் முழுக்க வழக்காடினார்.

கல் திறந்த அன்றைக்கு நடந்ததை ஊரில் இன்றும் சொல்வார்கள். தஞ்சாவூரிலிருந்து மாமாவோடு வேலை பார்த்த பழைய பட்டாளத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். தொப்பி, கோட்டில் மெடல், ஷூ எல்லாம் பளபளவென்று. மரியாதையாக ஒரு மலர்வளையத்தைத் தூக்கி வந்து கல்லில் சாய்த்து வைத்தார்கள். பெண்கள் பக்கமிருந்து ஒரு சலசலப்பு எழுந்தது. எங்கள் ஊரில் வளையம் பிணத்துக்கு வைப்பது. சவ ஊர்வலத்தில் வண்டிக்கு முன்னால் தொங்குவது. அத்தை எழுந்து போய் அந்த வளையத்தைக் கையில் எடுத்தது. புங்கமரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொரு பூவாகப் பிரித்து, வாழைநாரில் மாலையாகத் தொடுக்க ஆரம்பித்துவிட்டது. வந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விறைப்பாக நின்ற நிலையிலேயே காத்திருந்தார்கள். மாமாவும் அவர்களோடு அப்படியேதான் நின்றார், கண் மட்டும் அத்தை கையில் இருந்தது. மாலை கட்டி முடித்து அத்தை கல்லுக்குப் போட்டபிறகு அவர்கள் சல்யூட் அடித்தார்கள். எல்லோரும் சாப்பிடப் போனதும் மாமா மாலையையும் எடுத்துவிட்டார், வளையத்தின் மூங்கிலையும் எடுத்துவிட்டார்.

அவரும் சண்டைக்குப் போய் வந்தவர்தான். அதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை, அத்தை சொல்லித்தான் தெரியும். இலங்கைக்குப் போன அமைதிப்படையில் அவர் இருந்தார். கல்யாணம் ஆன புதிது. நாகப்பட்டினம் கடலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார் என்று தெரியும், எப்படி இருக்கிறார் என்று தெரியாது. திரும்பி வருகிறார் என்றதும் அத்தை ஆரத்தி கரைத்துவைத்துக் காத்திருந்ததாம். வந்தவர் கைலியும் கட்டம் போட்ட சட்டையுமாக வந்து நின்றார். திருவாரூர் பஸ் ஸ்டாண்டு கக்கூசில் யூனிஃபார்மைக் கழற்றிப் பைக்குள் சுருட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறார். ஓடி வந்துட்டானோ என்று தெருவில் பேசினார்கள். மறுநாள் டீக்கடையில் ஒருத்தர், யாரைச் சுட்டுட்டு வந்தீங்க, நம்ம ஆளுங்களையா என்று கேட்டார். மாமா டீயைக் குடித்துவிட்டு க்ளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்தாராம். அதற்குப்பிறகு அந்தக் கடைப்பக்கம் போனதில்லை.

அப்படிக் கேட்டவர்தான் பையனுடைய கல்லுக்குச் சிமெண்ட் வாங்கிக் கொடுத்தவர். உண்மையாகவே மனசு கேட்காமல் கொடுத்தார், பாவனை இல்லை. கல் திறப்பில் அவர் அழுததை நானே பார்த்தேன்.

கல்லில் அத்தை தினமும் சாயங்காலம் விளக்கு வைத்தது. அதில் ஒன்றும் அதிசயமில்லை. காணாமல்போன மாட்டைத் தேடிக்கொண்டு போன ஒருத்தி போகிற போக்கில் அங்கே நின்று தம்பி, காட்டிக் குடுப்பா என்று கும்பிட்டிருக்கிறாள். மாடு அன்றைக்கே கிடைத்தது. அடுத்து சிங்கப்பூர் விசாவுக்குக் காத்திருந்தவன் எலுமிச்சம்பழம் வைத்தான். ரொம்ப வருஷமாகப் பிள்ளையில்லாத ஒரு பெண் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டுப் போனாள், அவளுக்குப் பிள்ளை பிறந்தது, பையன் பெயரையே வைத்தாள். பிறகு யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாமல் பட்டாளத்து வீரன் என்ற பெயர் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பாதி எல்லைச்சாமிகள் எப்படி வந்தன என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

சாயங்காலம் அத்தை குங்குமம் வைக்கும். காலையில் மாமா துடைப்பார்.

விடிந்தும் விடியாமல் சைக்கிளில் ஒரு வாளியை மாட்டிக்கொண்டு வருவார். கிழிந்த பனியன் துணி. கைபம்பில் தண்ணீர் அடித்துக் கல்லை மேலிருந்து கீழாகத் துடைப்பார். பெயரின் எழுத்துக்குள் போய் அடைந்திருக்கும் குங்குமத்தை வேப்பங்குச்சியால் ஒவ்வொரு எழுத்தாகக் கிளறி எடுப்பார். கழுவி முடித்ததும் ஓரடி பின்னால் நகர்ந்து ஒரு சல்யூட். பிறகு வாளியை மாட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார். மகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட நான் அங்கே நிற்பதால் தினமும் பார்ப்பேன். ஊரில் அவரை நேராகக் கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. கேட்டால் சாமி குற்றமா, மனுஷன் குற்றமா என்று அவர்களுக்கே தெரியவில்லை.

நான் கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அத்தைக்கு அதில் ஒரு ஆறுதல் கிடைக்குதுன்னா விட்டுட்டுப் போங்களேன் மாமா என்றேன்.

குச்சியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “நான் திரும்பி வந்தப்ப நான் செஞ்சது தப்புன்னாங்க. இவன் வண்டி கவுந்து செத்தது வீரம்ங்கிறாங்க. இப்ப சாமிங்கிறாங்க. எனக்கு எதுவும் புரியலம்மா. இவன் என் பையன். அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்.”

அதுக்கில்லை மாமா என்று ஏதோ இழுத்தேன்.

“சல்யூட் அடிக்கலாம், அவனும் சிப்பாய் நானும் சிப்பாய். கும்பிட முடியாது. பெத்தவன் எப்படிம்மா பிள்ளையக் கும்பிடறது? சாமின்னா அவன் எனக்குப் பிள்ளை இல்லன்னு ஆயிடும்ல?”

நியாயமாகத்தான் பட்டது. அன்றைக்கு முழுக்க அவர் பக்கம்தான் இருந்தேன். சாயங்காலம் கடையை மூடிவிட்டு வரும்போது அத்தை கல்லருகே தனியாக உட்கார்ந்து யாரிடமோ பேசுவது மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அவரு தொடச்சா தொடைக்கட்டும். நான் வைக்கிறத நிறுத்த மாட்டேன்” என்றது. நான் ஒன்றும் கேட்கவில்லை, தானாகவே சொன்னது. “சாமின்னாதான் தெனம் வந்து பேசலாம். செத்துப்போன பிள்ளைகிட்ட நடுரோட்டுல ஒக்காந்து பேசினா பைத்தியம்பாங்க.”

அதுவும் நியாயம்தான். ரெண்டு பேரும் சொல்வது சரியாக இருந்தால் நடுவில் இருக்கிறவள் என்ன செய்வது? எழுந்து வீட்டுக்குப் போய் உலை வைத்தேன்.

அப்புறம் ரோட்டை அகலப்படுத்த வந்தார்கள். புளியமரங்களுக்கும் மதில்களுக்கும் சிவப்புப் பெயிண்டில் குறி போட்டுக்கொண்டே வந்தவர்கள் கல்லின் பக்கவாட்டிலும் ஒரு குறி போட்டுவிட்டுப் போனார்கள். மாமா மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்தார், அது போகவில்லை. நாகப்பட்டினத்துக்குப் போய் அதிகாரிகளிடம் கேட்டார். கல்லைப் பெயர்த்துப் பத்திரமாக ஊராட்சி அலுவலக வளாகத்தில் வைத்துத் தருகிறோம் என்று மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்தார். அவரைப் பொறுத்தவரை அது தப்பில்லை. கல் எங்கே இருந்தாலும் பேர் பேர்தானே.

அத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாக அவரை எதிர்த்து வாய்விட்டுப் பேசியது. “ஒரு தடவை பொட்டியில வச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. இப்ப மறுபடியும் தூக்கிட்டுப் போகப் போறாங்களா? நீங்களும் சரின்னுட்டு வந்தீங்களா?” என்றது. தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அத்தை பகலிலும் கல்லருகேதான் இருந்தது. சோறு கொண்டுபோய்க் கொடுத்தால் ரெண்டு வாய் சாப்பிடும். இளைத்துக்கொண்டே போனது.

ஊருக்கு வழி தெரியும். முந்தின ஊரில் ரோட்டோரப் பிள்ளையாரைத் தொடாமல் ரோட்டை வளைத்துக்கொண்டு போயிருந்தார்கள். நினைவுக்கல் என்றால் பெயர்ப்பார்கள், கோயில் என்றால் யோசிப்பார்கள். மண் அள்ளும் மெஷின் வருகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் எல்லோரும் கூடி மேடைக்கு வெள்ளையும் காவியும் பட்டை அடித்தார்கள். கல்லுக்கு மஞ்சள் அரைத்து முழுக்கப் பூசினார்கள். சிவப்புத் துணி சுற்றி, எலுமிச்சம்பழ மாலை போட்டு, முன்னால் ஒரு சூலத்தையும் நட்டார்கள். யார் பார்த்தாலும் நூறு வருஷக் கோயில் என்பார்கள். ஒரே ஒரு கவலைதான். காலையில் மிலிட்டரிக்காரர் வாளியோடு வருவார்.

மாமா உன்கிட்டதான் பேசுவாரு, நீ போய்ச் சொல்லு என்று என்னை அனுப்பினார்கள். போனேன். கொல்லையில் வாழைக்கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நாளைக்கு ஒரு நாள் மட்டும் மாமா, அத்தையை நினைச்சுப் பாருங்க என்றேன். நினைச்சுத்தாம்மா பார்க்கிறேன் என்றார். வருவீர்களா என்று கேட்டேன். எப்பவும்போல வருவேன் என்றார். அந்தக் குரலில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பி வந்து, தெரியலை என்று சொன்னேன். அதைக் கேட்டு எல்லோரும் என்னைத்தான் திட்டினார்கள்.

வந்தார். நாங்கள் எல்லோரும் அங்கே இருந்தோம். அத்தை கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. சைக்கிளை நிறுத்தி வாளியைக் கழற்றினார். பம்பில் தண்ணீர் அடிக்கிற சத்தம் மட்டும்தான். கிட்டே வந்து எந்திரி என்றார். அத்தை அவர் முகத்தைப் பார்த்தது. என்ன தெரிந்ததோ, எழுந்து தள்ளி நின்றது.

எலுமிச்சம்பழ மாலையைக் கழற்றினார். சிவப்புத் துணியை அவிழ்த்து மடித்து வைத்தார். மஞ்சளைக் கழுவினார். குச்சியை எடுத்து எழுத்து எழுத்தாகக் கிளற ஆரம்பித்தார். ஒரு கிழவர் அடப்பாவி என்று முனகினார். தூரத்தில் ஜீப் வருவது தெரிந்தது, பின்னால் மஞ்சள் நிறத்தில் பொக்லைன். அவர் அவசரப்படவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. முழுக்கச் சுத்தமானபிறகு ஓரடி பின்னால் போய்ச் சல்யூட் அடித்தார். எப்போதும் அடிப்பதைவிடக் கையைக் கொஞ்சம் அதிக நேரம் இறக்காமல் வைத்திருந்தார்.

பிறகு அத்தை பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். அத்தைக்குப் புரியவில்லை. எங்களுக்கும்தான்.

“குங்குமம் குடு” என்றார்.

அத்தை கிண்ணத்தைக் கொடுத்தது. அவருக்குப் பழக்கமில்லை, எவ்வளவு எடுப்பது என்று தெரியவில்லை. கை நிறைய அள்ளி ஈரக் கல்லில் வைத்தார். அது கரைந்து பெயர் மேல் வழிந்தது. வழிந்ததை விரலால் மேலே தள்ளப் பார்த்தார். எழுத்துகள் எல்லாம் அடைந்துபோயின. துணியைத் திரும்பச் சுற்றத் தெரியாமல் தடுமாறியபோது அத்தை வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டது. ரெண்டு பேரும் சேர்ந்து கட்டினார்கள்.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் சின்ன வயது என்ஜினியர். கையிலிருந்த ரோடு வரைபடத்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். நினைவுக்கல் என்றல்லவா இதில் போட்டிருக்கிறது என்றார். ஊரில் நாலைந்து பேர் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். மாமா கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார்.

“இது என்ன சாமிங்க?” என்று என்ஜினியர் அவரைக் கேட்டார்.

மாமா விரலெல்லாம் சிவப்பாக இருந்த ரெண்டு கையையும் சேர்த்தார். கல்லைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே சொன்னார்.

“எங்க வீட்டுச் சாமி சார்.”

என்ஜினியர் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். பொக்லைன் ஓட்டி வந்தவன் யாரும் சொல்லாமலே கீழே இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டான். வெளியூர்க்காரன், யார் எவர் என்று ஒன்றும் தெரியாது. அத்தை அவனுக்குத் திருநீறு கொடுத்தது. மாமா அதைப் பார்த்தார். அவர் முகத்தை அப்போது நான் பார்த்திருக்கக் கூடாது.

ரோடு அந்த இடத்தில் கொஞ்சம் வளைந்துதான் போகிறது. அத்தை தேறிவிட்டது. வெள்ளிக்கிழமை கூட்டம் வருகிறது, ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறார்கள். கோயில் பேனரை நான்தான் அடித்துக் கொடுக்கிறேன். ஊர் மாமாவைக் கொண்டாடியது. பெரிய மனசு என்றார்கள். அவர் அந்தப் பக்கம் வரவே இல்லை. வயலுக்குப் போக ரோட்டை விட்டுவிட்டு வாய்க்கால் கரையில் சுற்றிக்கொண்டு போவார். அத்தை கூப்பிட்டுப் பார்த்தது, நானும் கூப்பிட்டேன். வேலை இருக்கு என்பார்.

ஒரு மத்தியானம் கடைக்கு வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். ஏதாவது அடிக்கணுமா மாமா என்றேன். இல்லை என்றார். மெஷின் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கோ காதுகுத்து, தாய்மாமன் படங்கள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தன.

“ஒண்ணு கேக்கணும்மா” என்றார். “இனிமே அவனுக்கு நான் என்ன முறை?”

மெஷினை நிறுத்தினேன். அவர் கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாதான் மாமா, வேறென்ன என்று சொல்ல வாயெடுத்தேன். டீ சொல்லட்டுமா மாமா என்று கேட்டேன்.